வெயிலை மறந்த சுருள்

வானொலியில் செய்திக்கு முன்னால் வரும் நேர ஒலிக்கு வாட்சைத் திருத்தி வைத்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. விநாடி பிசகாமல் வைத்து, சாவி கொடுத்துவிட்டுப் படுத்தால், மறுநாள் அதே ஒலிக்கு முள் கால் நிமிடமோ அரை நிமிடமோ தள்ளி நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால் ரிப்பேர்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, ‘வாட்ச் நல்லாத்தான் இருக்கு சார்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரோடு வாதாட முடியாது. பல்சக்கரம் தேயவில்லை, எதுவும் உடையவில்லை. பிறகு ஏன் சில நாள் முந்துகிறது, சில நாள் பிந்துகிறது? நடைபாதையில் விற்கும் மலிவான பேட்டரி வாட்ச் மாதக்கணக்கில் சரியாக ஓடும்போது, பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் சாவி வாட்ச் ஏன் தினமும் சில விநாடி தவறுகிறது?

இந்தக் கேள்வியை முதலில் எண்ணிக்கையாக்கிப் பார்த்துவிடுவோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பழைய சாவி வாட்சுகளில் பெரும்பாலானவை விநாடிக்கு 5 முறை ‘டிக்’ என்னும். நாளுக்கு 4,32,000 டிக். நாளில் 10 விநாடி தவறும் வாட்ச், இத்தனை டிக்குகளில் 50-ஐத்தான் கூட்டியோ குறைத்தோ எண்ணியிருக்கிறது. மின்சாரம் இல்லை, மின்னணுச் சில்லு இல்லை; மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை நம்பி நடக்கும் எண்ணிக்கை இது. இவ்வளவு சரியாக எப்படி ஓடுகிறது என்று வியக்கத்தான் தோன்றுகிறது. அந்த 50 டிக்குகளைத் துரத்திக்கொண்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பலர் அலைந்திருக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

பின்மூடியைத் திறந்தால்

சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு பட்டைக் கம்பி இறுகச் சுருள்கிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். பிரியத் துடிக்கும் அதன் விசை பல்சக்கரங்கள் வழியாக முட்களுக்குப் போகிறது. தடுக்க ஆளில்லாவிட்டால் ஒரு நாளுக்கான சாவி சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதனால் கடைசிப் பல்சக்கரத்தை ஒரு நெம்புகோல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பல்லை விடும், உடனே அடுத்ததைப் பிடிக்கும். நாம் கேட்கும் ‘டிக்’ அந்தப் பிடிப்பின் ஓசை.

எப்போது விடுவது என்று நெம்புகோலுக்குச் சொல்வது ஒரு சின்ன வளையம். அது இடமும் வலமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ரிப்பேர் கடையில் அதற்குப் பெயர் பேலன்ஸ். நாம் அலைவுச் சக்கரம் என்போம். அதன் அச்சில் ஒரு முனையும் வாட்சின் உடலில் மறு முனையுமாகப் பொருத்திய மிக மெல்லிய சுருள்தான் ஹேர்ஸ்பிரிங், நமக்குச் சுருள்வில். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். வேகத்தில் நடுவைத் தாண்டி மறுபக்கம் போனால் அங்கிருந்தும் இழுக்கும்.

ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை மெல்லத் தள்ளினாலும் ஓங்கித் தள்ளினாலும் ஒரு முறை போய்வர ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகும். அலைவுச் சக்கரத்துக்கும் இதே குணம் உண்டு. காலையில் முழுச் சாவி இருக்கும்போது அகலமாக ஆடும், இரவில் சாவி தளர்ந்ததும் குறுகலாக ஆடும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மட்டும் பெரிதாக மாறாது.

அந்த நேரத்தை நிர்ணயிப்பவை இரண்டு. ஒன்று, சக்கரத்தின் கனமும் அகலமும். இவை கூடினால் ஆட்டம் மந்தமாகும். இன்னொன்று, வில் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது; அதை விறைப்பு என்று சொல்வோம். விறைப்பு கூடினால் ஆட்டம் வேகமாகும். வாட்சைத் திருத்துவது என்றால் இந்த இரண்டில் ஒன்றைத் தொடுவதுதான். ரிப்பேர்காரர் ஊசியால் அரை மயிரிழை நகர்த்தும் அந்தச் சிறு முள், வில்லின் வேலை செய்யும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறது. நீளம் குறைந்த வில் விறைப்பானது, ஆகவே வாட்ச் முந்தும்.

1675

சுருள்வில் வருவதற்கு முன்பும் வாட்சுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் நிமிட முள் கிடையாது, வைத்தும் பயனில்லை. சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க ஆளில்லாததால் மெயின் ஸ்பிரிங்கின் விசை தளரத் தளர வேகமும் மாறியது. நாளுக்கு அரை மணி நேரம் தவறுவது சாதாரணம்.

டச்சு விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹாய்கன்ஸ் 1675 தொடக்கத்தில் பாரிசில் இசாக் தூரே என்ற கடிகாரக்காரரைக் கொண்டு சுருள்வில் வைத்த வாட்ச் ஒன்றைச் செய்வித்தார். தவறு சில நிமிடங்களாகச் சுருங்கியது. செய்தி லண்டனுக்குப் போனதும் ராபர்ட் ஹூக் கொதித்தார். தான் பல ஆண்டு முன்பே யோசித்து வைத்ததைத் திருடிவிட்டார்கள் என்றார். வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ அதே விகிதத்தில் அது எதிர்த்து இழுக்கும் என்ற விதி இன்றும் ஹூக்கின் பெயரில்தான் இருக்கிறது. அந்த விதியையும் அவர் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராகத்தான் அச்சிட்டார். 1678-இல்தான் அவிழ்த்துக் காட்டினார். பூட்டி வைத்துக்கொண்டு திருட்டுப் போய்விட்டது என்று கூச்சலிடுவது அவருக்குப் பழக்கமாகவே இருந்திருக்கிறது.

யார் முதலில் என்பது இருக்கட்டும். சில நிமிடத் தவறு என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த எதிரி கண்ணுக்குத் தெரிந்தது. அது வெயில்.

பெர்த்தூவின் 393 விநாடி

சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் மாநிலத்தில் வால்-த-த்ராவேர் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே கூவே என்ற ஊரை ஒட்டிப் பிறந்து, பாரிசுக்குப் போய்ப் பிரெஞ்சுக் கடற்படைக்குக் கடிகாரம் செய்தவர் ஃபெர்டினாண்ட் பெர்த்தூ. வெப்பம் வாட்சை என்ன செய்கிறது என்று பொறுமையாக அளந்து, 1773-இல் கணக்கை வெளியிட்டார். வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் கூடினால், எந்தப் பாதுகாப்பும் இல்லாத வாட்ச் நாளுக்கு 393 விநாடி பிந்துகிறது. ஆறரை நிமிடம்.

அந்த 393-ஐ அவர் பிரித்துக் காட்டியதுதான் முக்கியம். சக்கரம் சூட்டில் விரிந்து அகலமானதால் 62 விநாடி. சுருள்வில் நீண்டதால் 19. மீதி 312 விநாடிக்குக் காரணம், எஃகு வில் சூட்டில் விறைப்பை இழப்பது. சூடானால் உலோகம் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, விரிவுதான் குற்றவாளி என்று தோன்றும். அது சில்லறைக் குற்றவாளி. பெரிய திருட்டைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி.

இந்த எண்களை நாமும் சரிபார்க்கலாம். எஃகின் விறைப்பு ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. விறைப்பில் இரண்டு பங்கு போனால் ஆட்டத்தின் வேகத்தில் ஒரு பங்குதான் போகும். சிறிய மாற்றங்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு சரியாக வரும். ஆக வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. 86,400 விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 8.6 விநாடி; அந்தச் ‘சற்று மேல்’ சேர்ந்தால் ஒன்பது, ஒன்பதரை. பெர்த்தூவின் 312-ஐ 33-ஆல் வகுத்தாலும் ஒன்பதரைதான். 250 ஆண்டுக்கு முந்தைய அளவீடு இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது அந்த மனிதர் மீது மரியாதை கூடுகிறது.

சக்கரத்தின் கணக்கு இன்னும் எளிது. பித்தளை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். சக்கரத்தின் அகலம் எத்தனை பங்கு கூடுகிறதோ அத்தனை பங்கு வேகம் குறையும். நாளுக்கு 1.6 விநாடி. பெர்த்தூவின் 62-ஐ 33-ஆல் வகுத்தால் 1.9. இதுவும் அருகில்தான்.

எல்லாம் சேர்த்தால் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 12 விநாடி. இப்படிப்பட்ட வாட்ச் ஒன்றை மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் சரியாக ஓடும்படி திருத்தி, பெட்டிக்குள் போட்டு மலை ரயில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஊட்டியில் 20 டிகிரி. 15 டிகிரி குறைவு; வில் இறுகும், சக்கரம் சுருங்கும். அங்கே ஒரு நாள் தங்கினால் வாட்ச் மூன்று நிமிடம் முந்தியிருக்கும். கையில் கட்டியிருந்தால் உடல் சூடு ஓரளவு காப்பாற்றும். பெட்டிக்குள் இருக்கும் வாட்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கடலுக்குப் போன வாட்ச்

மூன்று நிமிடத்துக்கு ஏன் இத்தனை அலட்டல் என்றால், பதில் கடலில் இருந்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கப்பலில் இருப்பவர் உள்ளூர் நண்பகலைச் சூரியனைப் பார்த்து அறியலாம். புறப்பட்ட துறைமுகத்தில் அந்தக் கணத்தில் மணி என்ன என்று உடன் வரும் கடிகாரம் சொன்னால், வித்தியாசத்தைக் கொண்டு கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிடலாம். நிலநடுக்கோட்டில் 4 விநாடித் தவறு ஒரு கடல் மைல் தவறு. குளிர்ந்த ஐரோப்பாவில் புறப்பட்டு வெப்பக் கடலுக்குள் நுழையும் கப்பலில், நாளுக்குச் சில நிமிடம் பிந்தும் கடிகாரம் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-இல் இதற்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. பரிசைத் துரத்திய ஜான் ஹாரிசன் தச்சு வேலையிலிருந்து கடிகாரத்துக்கு வந்தவர். அவருடைய நான்காவது கருவி, 13 சென்டிமீட்டர் அகலத்தில் பெரிய பாக்கெட் வாட்ச் போல இருந்தது. 1761-இல் அவர் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். 81 நாளில் அது பிந்தியது 5.1 விநாடி.

வெப்பத்துக்கு ஹாரிசன் கண்ட மருந்து ஓர் ஈருலோகப் பட்டை. பித்தளையையும் எஃகையும் முதுகோடு முதுகாகத் தறைந்தால், பித்தளை அதிகம் விரிவதால் பட்டை சூட்டில் வளையும். வளையும் நுனி சுருள்வில்லைப் பிடித்து அதன் நீளத்தைக் குறைக்கும். வெயில் தளர்த்தியதை நீளக் குறைவு ஈடு செய்யும். ரிப்பேர்காரர் ஊசியால் நகர்த்தும் முள்ளை வெயிலே நகர்த்தும்படி செய்துவிட்டார்.

அவருக்குப் பின் வந்த பியேர் லெ ருவா, ஜான் அர்னால்டு, தாமஸ் ஏர்ன்ஷா ஆகியோர் வில்லைத் தொடாமல் சக்கரத்துக்குப் போனார்கள். ஏர்ன்ஷா பித்தளையை உருக்கி எஃகின் மேலேயே ஒட்டினார். பித்தளை வெளியே, எஃகு உள்ளே. வளையத்தை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால் வெட்டிய நுனிகள் சூட்டில் உள்நோக்கி வளையும். வில் தளரும் அதே நேரத்தில் சக்கரம் குறுகும். வளையத்தைச் சுற்றிலும் குட்டித் திருகுகள். அவற்றை நுனிப்பக்கம் மாற்றினால் ஈடு கூடும், வளையத்தைத் தாங்கும் கையின் பக்கம் மாற்றினால் குறையும். ஐஸ் பெட்டியிலும் அடுப்புப் பெட்டியிலும் மாறி மாறி வாட்சை வைத்து, திருகுகளை இடம் மாற்றி, மறுபடி வைத்து என்று ஒரு தொழிலாளி ஒரே வாட்சோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார். பாட்டி காலத்துப் பாக்கெட் வாட்ச் எங்காவது கிடைத்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள். வளையத்தில் வெட்டு இருந்தால் இந்த வம்சம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. குளிரிலும் வெயிலிலும் சரியாக்கிய வாட்ச் நடுத்தர வெப்பத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி முந்தியது. வில்லின் தளர்ச்சியும் சக்கரத்தின் வளைவும் ஒரே தாளத்தில் கூடுவதில்லை. இரண்டு இடத்தில் சந்திக்க வைக்கலாம், வழி நெடுக ஒட்டி நடக்க வைக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்த இரண்டு விநாடிக்காக விசித்திரமான துணைக் கருவிகள் பல முளைத்தன. அவற்றை விவரித்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நிக்கல் கலந்த எஃகு

அதே வால்-த-த்ராவேர் பள்ளத்தாக்கில், கூவேக்குப் பக்கத்து ஊரான ஃப்ளூரியேயில், 1861-இல் ஒரு கடிகாரக்காரருக்கு மகன் பிறந்தான். ஷார்ல் எதுவார் கியோம். அப்பாவின் பட்டறையில் அவன் உட்காரவில்லை. இயற்பியல் படித்து, பாரிசுக்கு அருகே செவ்ர் நகரில் உள்ள சர்வதேச எடை அளவு நிலையத்தில் சேர்ந்தார். மீட்டர் அளவுகோல்களைப் பிளாட்டினக் கலவையில் செய்தால் கட்டுப்படியாகவில்லை. மலிவான உலோகம் தேடியபோது நிக்கல் எஃகுக் கலவைகள் விநோதமாக நடந்துகொள்வதைக் கவனித்தார். 1896-இல் 36 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு சூட்டில் ஏறத்தாழ விரிவதே இல்லை என்று கண்டார். அதற்கு இன்வார் என்று பெயர்.

காரணம் காந்தம். சூடேறினால் அணுக்கள் கூடுதலாக அதிர்ந்து இடம் கேட்கும், உலோகம் விரியும். இந்தக் கலவையில் அணுக்களின் காந்த ஒழுங்கு உலோகத்தைச் சற்று ஊதிப் பிடித்து வைத்திருக்கிறது. சூடேற ஏற அந்த ஒழுங்கு கலைந்து ஊதல் இறங்குகிறது. ஒன்று விரிக்க, ஒன்று சுருக்க, மொத்தத்தில் மாற்றமில்லை.

மீட்டருக்குக் கிடைத்த இந்தப் பரிசைக் கடிகாரக்காரர் மகன் விடுவாரா? பெர்த்தூ பிரித்து வைத்த கணக்குப்படி விரிவு சின்னக் குற்றவாளிதான். விறைப்பும் இதே போல மாறாமல் நிற்கும் கலவை வேண்டும். குரோமியத்தையும் வேறு சிலவற்றையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து எலின்வார் என்ற கலவைக்கு வந்தார். அதில் செய்த வில்லுக்கு வெயிலும் குளிரும் ஒன்றுதான். 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கியோமுக்குக் கிடைத்தது. ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டுக்கான பரிசு. சார்பியல் கொடிகட்டிப் பறந்த காலத்தில் நிக்கல் எஃகுக்கா நோபல் என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்தத் தேர்வில் குறை தெரியவில்லை.

1930-களில் ரெயின்ஹார்ட் ஸ்ட்ராவ்மன் என்ற சுவிஸ் பொறியாளர் பெரிலியம் சேர்த்து இந்தக் கலவையைக் கடினமாக்கினார். நிவராக்ஸ் என்று பெயரிட்ட அந்த வில் சாதாரண வாட்சுகளுக்கும் வந்தது. பற்களை ஊன்றும் இம்பிளாண்ட் விற்கும் ஸ்ட்ராவ்மன் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே. வெட்டிய வளையம், திருகுகள், அடுப்புப் பெட்டி எல்லாம் மெல்ல மறைந்தன. இன்று சுவிட்சர்லாந்தின் கடிகாரச் சான்று நிறுவனமான காஸ்க், வாட்சுகளை 8, 23, 38 டிகிரிகளில் சோதிக்கிறது. ஒரு டிகிரிக்கு அனுமதிக்கும் மாற்றம் நாளுக்கு 0.6 விநாடி. பெர்த்தூவின் வாட்சுக்கு அது 12.

மருந்துக்குப் பக்கவிளைவும் இருந்தது. காந்தத்தால் சாதித்த வில் காந்தத்துக்கே பலியாகும். ஸ்பீக்கர் மேலோ, காந்த மூடி வைத்த கைப்பேசி உறை மேலோ வாட்சை வைத்தால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடும். ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்ததற்குச் சமம். வாட்ச் தறிகெட்டு முந்தும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய சாவி வாட்ச் திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், காந்தம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நீக்குவதற்குச் சில நொடி போதும்.

படுத்தால் ஒன்று, நின்றால் ஒன்று

தொடக்கத்தில் கேட்ட கேள்வியில் வெயில் பாதிதான். சக்கரத்தின் ஒரு பக்கம் இம்மி கனமாக இருந்தாலும் புவியீர்ப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். படுக்கவைத்த வாட்சில் அது பெரிதாகத் தெரியாது, நிமிர்த்தி வைத்தால் தெரியும். போதாததற்கு, எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அச்சின் உராய்வும் மாறும். இரவில் மேசை மேல் முகம் மேலாக ஒரு நாள், சாவித் திருகு மேலாக ஒரு நாள் வைத்துப் பாருங்கள். எதில் முந்துகிறது, எதில் பிந்துகிறது என்று தெரிந்துவிட்டால், பகலில் சேரும் தவறை இரவில் கழிக்கலாம்.

நியூஷாத்தெலில் பிறந்த ஆப்ரகாம் லூயி ப்ரெகே இதற்காக 1801-இல் டூர்பியோன் என்ற அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அலைவுச் சக்கரம், வில், நெம்புகோல் எல்லாவற்றையும் ஒரு கூண்டில் வைத்து, கூண்டையே சுற்றவிட்டார். எல்லாத் திசையிலும் தவறு வரும், கூட்டினால் கழிந்துபோகும். சட்டைப்பையில் நாள் முழுக்க நிமிர்ந்து நிற்கும் வாட்சுக்கு அது அருமையான யோசனை. மணிக்கட்டு தானே நூறு திசையில் திரும்பிக்கொண்டிருக்கிறது; அங்கே டூர்பியோனுக்கு வேலை குறைவு. இருந்தாலும் இன்று விலையுயர்ந்த வாட்சுகளின் முகத்தில் ஓட்டை போட்டுக் காட்டுவது அதைத்தான். பார்க்க அழகு, அவ்வளவே.

சிலிக்கானில் செதுக்கிய சுருள்

2000-க்குப் பிறகு வில் உலோகத்தையே விட்டு வெளியேறியது. கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கான் தகட்டில், பிளாஸ்மாவால் அரித்துச் சுருள் செதுக்கும் முறையை நியூஷாத்தெல் நகரின் சிஎஸ்ஈஎம் ஆய்வகம் வாட்ச் நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. சிலிக்கானைக் காந்தம் தொடாது. ஆனால் சூட்டில் அதுவும் விறைப்பை இழக்கும், எஃகைவிடக் குறைவாக. ஆக்சிஜனில் சுட்டால் அதன் மேல் சிலிக்கான் டைஆக்சைடு படியும். மணலில் இருக்கும் அதே பொருள். இந்தப் படலம் சூட்டில் விறைப்பைக் கூட்டிக்கொள்ளும் அபூர்வப் பிறவி. படலத்தின் தடிமனைச் சில மைக்ரோமீட்டரில் சரியாக நிறுத்தினால் உள்ளே தளர்வதும் வெளியே இறுகுவதும் சமமாகும். ஏர்ன்ஷா இரண்டு உலோகத்தையும் திருகுகளையும் கொண்டு செய்ததை, அசையும் பாகமே இல்லாமல் ஒரே சுருளின் தோலும் சதையும் செய்கின்றன. பட்டேக் பிலிப் 2006-இல் இத்தகைய வில்லை வாட்சில் வைத்தது. பிறகு நடுத்தர விலை வாட்சுகளுக்கும் வந்துவிட்டது.

நஷ்டம் ரிப்பேர்காரருக்கு. உலோகச் சுருள் கோணினால் மெல்லிய இடுக்கியால் வளைத்து நேராக்கும் கை அவருக்கு உண்டு. பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. சிலிக்கான் வளைத்த இடத்தில் நிற்காது. திரும்பிவிடும், அல்லது உடையும். உடைந்தால் நிறுவனம் தரும் புதிய பாகம்தான் கதி.

அடுத்த படி சுருளையே கைவிடுவது. அதே மாநிலத்தின் லெ லோக்கிள் ஊரைச் சேர்ந்த ஜெனித் 2017-இல் பத்தே பத்து வாட்சுகளில் ஒரு சோதனை செய்தது. சக்கரம், வில், நெம்புகோல் உட்பட முப்பது பாகங்கள் செய்த வேலையை, அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே சிலிக்கான் துண்டு செய்தது. அச்சு இல்லை, எண்ணெய் இல்லை. துண்டின் மெல்லிய கைகளே வளைந்து வளைந்து விநாடிக்கு 15 முறை போய்வரும். பழைய சக்கரம் முந்நூறு பாகை சுழன்ற இடத்தில் இது இருபுறமும் ஆறு பாகைதான் அசையும். ஆட்டம் எவ்வளவு விரைவோ, கை அசைவு அதைக் குழப்புவது அவ்வளவு கடினம். நாளுக்கு 0.3 விநாடிக்குள் நிற்கும் என்று நிறுவனம் அறிவித்தது.

2021-இல் ஃபிரெடெரிக் கான்ஸ்டன்ட் நிறுவனம் ஜெனீவாவிலிருந்து இன்னொன்றை வெளியிட்டது. அதன் சிலிக்கான் துண்டை உருவாக்கியவர்கள் ஹாய்கன்ஸ் பிறந்த ஹேக் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் டெல்ஃப்ட் நகரத்துப் பொறியாளர்கள். விநாடிக்கு 40 முறை போய்வரும்; நாளுக்குக் கிட்டத்தட்ட எழுபது லட்சம் டிக். இத்தனை நுட்பமாகச் செதுக்கிய துண்டும் பட்டறையை விட்டு வரும்போது சரியான வேகத்தில் இருந்துவிடுவதில்லை. அதனால் அதன் மேல் இரண்டு சிறு எடைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கண்ணில் லென்ஸை மாட்டிய ஒருவர் அவற்றை நகர்த்தி நகர்த்தித்தான் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.